திரும்பி வந்த மடலைப் படிப்பவர் யார்?

அனுப்பிய கடிதம் சில நேரம் அனுப்பியவர் வீட்டுக்கே திரும்பி வரும். உறையின் மேல் தபால்காரர் பேனாவால் ஒரு வரி கிறுக்கியிருப்பார். "இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் இல்லை", "வீடு பூட்டியிருக்கிறது", "விலாசம் போதாது", "வாங்க மறுத்துவிட்டார்". அந்த ஒரு வரியிலேயே அடுத்து என்ன செய்வது என்பது தெரிந்துவிடும். வீடு பூட்டியிருந்தால் அடுத்த வாரம் மறுபடி அனுப்பலாம். விலாசம் போதாது என்றால் கதவு எண்ணைக் கேட்டு எழுதலாம். வாங்க மறுத்துவிட்டார் என்றால்... அது வேறு கதை!

மின்னஞ்சலும் இதே போலத் திரும்பி வருகிறது. ஆனால் அதை யாரும் படிப்பதில்லை. "மெயிலர் டீமன்" என்ற பெயரில் ஏதோ ஒன்று வந்திருக்கிறது, உள்ளே நாலைந்து எண்கள், புரியாத ஆங்கிலம். வைரஸாக இருக்குமோ என்று பயந்து அழித்துவிடுகிறவர்கள் உண்டு. "சர்வர் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதைவிட அதிகம். வேலைக்கு விண்ணப்பித்த மாணவர் பதில் வரும் என்று இரண்டு வாரம் காத்திருப்பார். விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை என்ற செய்தி முதல் நாளே அவருடைய பெட்டிக்கு வந்திருக்கும்.

மடல் திரும்பி வருவது ஒரு கெட்ட காரியம் என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. மடல் திரும்பி வருவது மின்னஞ்சல் முறையின் நேர்மை. காரணம் சொல்லாமல் மடல் காணாமல் போவதுதான் கெட்ட காரியம். இந்த வித்தியாசம் புரியாத சர்வர் நிர்வாகியிடம் ஒரு கல்லூரியின் மின்னஞ்சலை ஒப்படைப்பது, படிக்கத் தெரியாதவரிடம் தபால் பையைக் கொடுப்பது போலத்தான்.

250 என்ற வாக்குறுதி

இணையத்தில் ஒரு சர்வரும் இன்னொரு சர்வரும் மடலைக் கைமாற்றிக்கொள்ளும் முறைக்கு எஸ்எம்டிபி என்று பெயர். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதை ஆவணமாக எழுதி வெளியிட்டார். 2001லும் 2008லும் அந்த ஆவணம் திருத்தி எழுதப்பட்டது, ஆனால் அடிப்படை மாறவில்லை. இரண்டு சர்வர்களும் மனிதர்களைப் போலவே பேசிக்கொள்ளும். "வணக்கம், நான் இன்னார். இன்னாரிடமிருந்து மடல். இன்னாருக்கு மடல். இதோ மடல்." ஒவ்வொரு வரிக்கும் எதிர் சர்வர் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும்.

கடைசியில் அது 250 என்று சொன்னால் மடலை வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். அதற்கு மேலும் ஓர் அர்த்தம் உண்டு. "இனி இந்த மடல் என் பொறுப்பு. ஒன்று கொண்டுபோய்ச் சேர்ப்பேன், இல்லாவிட்டால் சேர்க்க முடியவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்வேன்." மின்னஞ்சல் முழுக்க இந்த வாக்குறுதியின் மேல்தான் நிற்கிறது. நடுவில் எத்தனை சர்வர்கள் இருந்தாலும் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறுமே தவிர, கீழே விழக்கூடாது.

திரும்பி வரும் அறிவிப்புக்கு ஒரு தனி ஏற்பாடு உண்டு. அதன் உறையில் அனுப்புநர் முகவரி வெறுமையாக இருக்கும். காரணம் எளிது. அறிவிப்பும் போய்ச் சேராமல் திரும்பி, அந்த அறிவிப்புக்கு ஓர் அறிவிப்பு, அதற்கும் ஓர் அறிவிப்பு என்று இரண்டு சர்வர்கள் விடிய விடிய பந்து விளையாடக்கூடாது அல்லவா? ஆனால் "அனுப்புநர் இல்லாத மடலா? நிச்சயம் எரிதம்தான்" என்று முடிவு கட்டி, வெற்று முகவரியோடு வரும் எல்லாவற்றையும் தடுத்துவிடும் நிர்வாகிகள் இருக்கிறார்கள். அந்த சர்வரில் இருப்பவர்கள் அனுப்பும் எந்த மடல் தோற்றாலும் அவர்களுக்குச் செய்தி வராது. ஒரு வரி அமைப்பில் முழு நிறுவனத்தின் காதையும் அடைத்துவிடுகிற வேலை இது.

மூன்று இலக்கத்தில் முக்கால் பதில்

திரும்பி வந்த மடலில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்று இலக்க எண்ணின் முதல் இலக்கம். 4 என்றால் "இப்போது முடியாது, பிறகு வா". 5 என்றால் "முடியாது, மறுபடி வராதே". அதாவது 4 என்பது பூட்டிய வீடு, 5 என்பது இல்லாத விலாசம்.

4 வந்தால் அனுப்பும் சர்வர் மடலை வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயல வேண்டும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது விதி. போஸ்ட்ஃபிக்ஸ், சென்ட்மெயில் இரண்டுமே சொந்த அமைப்பில் 5 நாள் வைத்திருக்கும். சென்ட்மெயிலின் வழக்கமான அமைப்பில் 4 மணி நேரம் ஆனதும் "இன்னும் சேரவில்லை, முயன்றுகொண்டிருக்கிறேன்" என்று ஒரு எச்சரிக்கை வரும். அதைத் தோல்வி என்று நினைத்து அதே மடலை ஐந்து முறை அனுப்புகிறவர்கள், எதிர்ப்பக்கம் சரியானதும் ஐந்து பிரதியையும் ஒரே நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

அடுத்து, புள்ளி வைத்த மூன்று எண்கள். 2003ல் வெளியான ஆவணம் ஒன்று இதை ஒழுங்குபடுத்தியது. 5.1.1 என்றால் அந்தப் பெயரில் பெட்டி இல்லை. 5.1.2 என்றால் @ குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனே சரியில்லை. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. 5.3.4 என்றால் மடல் அளவு மீறியது. 5.4.6 என்றால் மடல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. 5.7 என்று தொடங்கினால் அனுமதி அல்லது பாதுகாப்பு தொடர்பான மறுப்பு. நடு எண் எந்தத் துறை என்று சொல்லும்: 1 முகவரி, 2 பெட்டி, 3 சர்வர், 4 வழி, 7 காவல். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மேசைமேல் ஒட்டிவைத்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது கேள்விதான் எல்லோரும் மறப்பது: இந்த மறுப்பைச் சொன்னது யார்? எதிர் சர்வரா, அனுப்பிய பக்கத்து சர்வரேவா? அறிவிப்பில் எந்த சர்வர் மறுத்தது என்று பெயர் இருக்கும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்து நிர்வாகிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தால் என்ன ஆகும்? கீழே பாருங்கள்.

எல்லாம் சரியாக இருக்கும் கல்லூரி

ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கல்லூரிதான். அதன் இணையதளம் வாடகை சர்வர் ஒன்றில் இருக்கிறது. முன்பு மின்னஞ்சலும் அதே சர்வரில்தான் இருந்தது. பெட்டிகள் நிரம்பி வழிந்ததால் மின்னஞ்சலை மட்டும் ஒரு பெரிய நிறுவனத்தின் சேவைக்கு மாற்றினார்கள். டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவை மாற்றினார்கள். "இந்த டொமைனுக்கு வரும் மடல்களை இனி இங்கே கொண்டுவாருங்கள்" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. ஊர் முழுக்க அதைப் படித்து, மடல்கள் புது இடத்துக்கு ஒழுங்காக வரத் தொடங்கின. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

ஒருவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அது அந்தப் பழைய சர்வர். அதன் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பில் "மைடெஸ்டினேஷன்" என்ற வரியில் கல்லூரியின் டொமைன் இன்னும் இருக்கிறது. அந்த வரிக்குப் பொருள்: "இந்த டொமைனுக்கு வரும் மடலுக்கு நானே கடைசி நிறுத்தம்." ஆகவே அது எம்எக்ஸ் பலகையைப் பார்ப்பதே இல்லை. சொந்த வீட்டைத் தேட யாராவது வரைபடம் பார்ப்பார்களா?

இப்போது இணையதளத்தில் சான்றிதழ் கேட்கும் படிவம் ஒன்று இருக்கிறது. படித்து முடித்துப் போன மாணவி ஒருவர் அதை நிரப்புகிறார். படிவம் தேர்வுப் பிரிவின் முகவரிக்கு மடல் அனுப்புகிறது. சர்வர் தன் சொந்தப் பட்டியலைத் தேடுகிறது. தேர்வுப் பிரிவின் பெட்டி போன மாதமே இங்கிருந்து அழிக்கப்பட்டுவிட்டது. "550 5.1.1, அப்படி ஒரு பயனர் இல்லை." மடல் திரும்புகிறது. யாரிடம்? அனுப்பியது இணையதள நிரல். அந்த நிரலின் பெயரில் இருக்கும் பெட்டியை உலகத்தில் ஒருவரும் திறந்ததில்லை. திரையில் மாணவிக்குத் தெரிவது "உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது, நன்றி" என்ற வரி மட்டும்.

மாணவி பத்து நாள் கழித்துப் போன் செய்கிறார். அலுவலகத்தில் "அப்படி எதுவும் வரவில்லையே அம்மா" என்கிறார்கள். நிர்வாகி தன் சொந்த முகவரியிலிருந்து தேர்வுப் பிரிவுக்கு ஒரு மடல் அனுப்பிப் பார்க்கிறார், உடனே போய்ச் சேருகிறது. "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது." அவர் பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் வழி சரியாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போன வழியில் அவர் நடந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். மாணவிக்கோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கடைசி நாள் முடிந்துவிட்டது.

இந்தப் பிழையைச் சரிசெய்ய அந்த வரியிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் போதும். வாடகை சர்வர்களில் பரவலாக இருக்கும் சிபேனல் மென்பொருளில் மடல் வழி "உள்ளூரா, வெளியூரா" என்று கேட்கும் ஓர் அமைப்பு இருக்கிறது, அதை மாற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை. கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கு ஆகிறது. ஏனென்றால் உண்மையைச் சொன்ன மடல் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தது.

பெயர்ப் பலகைப் பிழைகள்

மடல் திரும்புவதற்கான அமைப்புப் பிழைகளில் பெரிய பங்கு டிஎன்எஸ்ஸில்தான் இருக்கிறது. எல்லாமே சின்னச் சின்னப் பிழைகள்.

முதலாவது, ஒரு புள்ளி. பைண்ட் மென்பொருளின் கோப்பில் முழுப் பெயரை எழுதிவிட்டுக் கடைசியில் புள்ளி வைக்க மறந்தால், அது டொமைன் பெயரை இன்னொரு முறை பின்னால் ஒட்டிக்கொள்ளும். மெயில் சர்வரின் பெயர் இரட்டை வாலோடு ஊர் சுற்றும். அப்படி ஒரு சர்வர் எங்கும் இல்லாததால் மடல் வந்து சேராது.

இரண்டாவது, எம்எக்ஸ் பதிவில் புனைபெயர். எம்எக்ஸ் ஒரு சர்வரின் உண்மைப் பெயரைத்தான் காட்ட வேண்டும், இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் சிநேம் பதிவைக் காட்டக்கூடாது என்று 1997லேயே விதி தெளிவாகச் சொல்லிவிட்டது. சில சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், சில மறுக்கும். "ஜிமெயிலிலிருந்து வருகிறது, அவர்கள் அலுவலகத்திலிருந்து மட்டும் வருவதில்லை" என்ற வகைப் புதிர்களுக்கு இது ஒரு காரணம். எம்எக்ஸில் நேராக ஐபி எண்ணை எழுதுவதும் இதே ரகம்.

மூன்றாவது, தலைகீழ் பதிவு. பெயரிலிருந்து எண்ணைக் கண்டுபிடிப்பது போல எண்ணிலிருந்து பெயரையும் கண்டுபிடிக்க முடிய வேண்டும். அதற்கு பிடிஆர் பதிவு என்று பெயர். அது இல்லாத சர்வரிலிருந்து வரும் மடலைப் பெரிய சேவைகள் ஏற்பதில்லை. 5.7.25 என்ற எண் வந்தால் பிரச்சினை இதுதான். இங்கே ஒரு சிக்கல். பிடிஆர் பதிவைப் பெரும்பாலும் டொமைன் வாங்கிய இடத்தில் மாற்ற முடியாது, ஐபி எண்ணைக் கொடுத்த நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். இது தெரியாமல் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

நான்காவது, அவசரம். டிஎன்எஸ் பதிவுகளை மற்ற சர்வர்கள் குறிப்பிட்ட நேரம் வரை நினைவில் வைத்திருக்கும். அந்த நேரம் ஒரு நாள் என்று இருந்தால், காலையில் மாற்றிய எம்எக்ஸை மறுநாள் காலை வரை சிலர் அறியமாட்டார்கள். பழைய வீட்டுக்கே மடல் கொண்டுபோவார்கள். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்த நேரத்தைக் குறைத்து வைத்து, பழைய சர்வரையும் சில நாள் உயிரோடு வைத்திருப்பதுதான் அழகு. வீடு மாறுகிறவர்கள் பக்கத்து வீட்டில் புது விலாசம் சொல்லிவிட்டுப் போவதில்லையா?

அடையாள அட்டை கேட்கும் காலம்

மின்னஞ்சல் பிறந்த காலத்தில் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் மடல் அனுப்பலாம். எரிதக்காரர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதனால் பூட்டு மேல் பூட்டாக வந்தது. இந்த டொமைனின் பெயரில் மடல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு உரிமை என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். மடலில் கையெழுத்து வைப்பது டிகேஐஎம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று டொமைன்காரர் அறிவிப்பது டிமார்க்.

2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாகூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் சுமார் 5000 மடல் அனுப்புகிறவர் மொத்தமாக அனுப்புகிறவர். தேர்வு முடிவை எல்லா மாணவர்களுக்கும் அனுப்பும் பெரிய கல்வி நிறுவனம் ஒரே மாலையில் அந்த எண்ணைத் தாண்டிவிடும்.

இங்கே நடக்கும் பிழைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். புதுச் சேவை ஒன்றை வாங்கும்போது அவர்கள் கொடுத்த வரியைப் பழையதோடு சேர்க்காமல் இரண்டாவது பதிவாகப் போட்டால் இரண்டும் செல்லாது. அதே போல ஒரு பதிவைச் சரிபார்க்கப் பத்து டிஎன்எஸ் தேடல்களுக்கு மேல் தேவைப்படக்கூடாது. "அவர்களையும் சேர், இவர்களையும் சேர்" என்று ஆறேழு சேவைகளை அடுக்கினால், அவற்றுக்குள் இருக்கும் சேவைகளும் கணக்கில் சேர்ந்து பத்தைத் தாண்டிவிடும். நேற்று வரை போன மடல் இன்று திரும்பும்.

ஒழுங்காக இருப்பவர்களையும் இந்தப் பூட்டுகள் அடிக்கும் என்பதற்கு 2014 ஏப்ரல் சாட்சி. யாகூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லும் மடல் யாகூ சர்வரிலிருந்து வராவிட்டால் மறுத்துவிடுங்கள் என்று யாகூ அறிவித்தது. மடற்குழுக்களின் வேலையே ஒருவர் மடலை வாங்கி எல்லோருக்கும் அனுப்புவது. ஆக, யாகூ உறுப்பினர் ஒருவர் குழுவுக்கு எழுதினால் அது மற்றவர்களின் சர்வர்களில் மறுக்கப்பட்டது. இத்தனை மடல் திரும்புகிறதே என்று குழு மென்பொருள், எழுதியவரை விட்டுவிட்டு, பெறவேண்டிய அப்பாவிகளின் உறுப்பினர் கணக்கை முடக்கியது! திருடனைப் பிடிக்க வைத்த பொறியில் வீட்டுக்காரர் கால் மாட்டிக்கொண்டது.

500 மைல் மடல்

"பயனர்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்கள் சொல்வதை நம்பக்கூடாது" என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவின் வட கரோலினாவில் பல்கலைக்கழக மின்னஞ்சலைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸ் 2002ல் எழுதியது. சில விவரங்களை மாற்றியும் சுருக்கியும் எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

புள்ளியியல் துறைத் தலைவர் அவருக்குப் போன் செய்து, "எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மடல் போகவில்லை" என்றார். மின்னஞ்சலுக்கு மைல் கணக்கா? சிரிப்புத்தான் வரும். ஆனால் புள்ளியியல்காரர்கள் வெறுமனே சொல்லவில்லை, பல நாள் தகவல் சேகரித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். ஹாரிஸ் சோதித்துப் பார்த்தார். 420 மைல் தொலைவில் இருந்த நியூயார்க்குக்குப் போனது. 580 மைல் தொலைவில் இருந்த பிராவிடன்ஸுக்குப் போகவில்லை.

காரணம் இதுதான். யாரோ ஒரு ஆலோசகர் அந்த சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருக்கிறார். புதுப்பித்ததில் சென்ட்மெயில் மட்டும் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. அமைப்புக் கோப்போ புதிய பதிப்புக்கு எழுதியது. பழைய பதிப்புக்குப் புதிய வரிகள் புரியவில்லை, தாண்டிச் சென்றுவிட்டது. எதிர் சர்வருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு பூஜ்யம் ஆகிவிட்டது. அந்த இயந்திரத்தில் பூஜ்யம் என்பது நடைமுறையில் 3 மில்லி விநாடிக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் ஒளி போகக்கூடிய தூரம் ஏறக்குறைய 559 மைல்!

இதில் ரசிக்க வேண்டியது ஒளியின் வேகம் மட்டுமல்ல. துறைத் தலைவர் சொன்னது அபத்தமாக இருந்தது, ஆனால் சரியாக இருந்தது. ஹாரிஸ் சிரித்துவிட்டுப் போனை வைத்திருந்தால் அந்தப் பிழை அப்படியே இருந்திருக்கும்.

மௌனம் பாதுகாப்பா?

இதற்கு நிர்வாகிகள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு, அதில் நியாயமும் உண்டு. எரிதங்களில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. அந்த மடலைத் திருப்பி அனுப்பினால் சம்பந்தமில்லாத ஒருவர் பெட்டியில் போய் விழும். அப்படி ஆயிரக்கணக்கில் விழுந்தால் அவருக்கு நரகம், அனுப்பிய சர்வரின் பெயரும் கறுப்புப் பட்டியலில் ஏறும். தவிர, "அப்படி ஒரு பயனர் இல்லை" என்று உண்மை சொன்னால், பெயர் பெயராக முயன்று பார்க்கும் எரிதக்காரருக்கு எந்தப் பெயர் உண்டு என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். ஆகவே பேசாமல் குப்பையில் போடுவதே மேல் என்பது அவர்கள் வாதம்.

முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் வாசலில் இருக்கிறது. மடலை 250 சொல்லி வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே போய்ப் பெயர் தேடி, பிறகு திருப்பி அனுப்புவதுதான் தவறு. எதிர் சர்வர் இன்னும் வாசலில் நிற்கும்போதே, பேச்சு முடிவதற்கு முன்பே, 550 சொல்லிவிட்டால் மடல் உள்ளே வரவே இல்லை. எரிதக்காரரின் நிரல் அதோடு போய்விடும், யாருக்கும் எதுவும் அனுப்பாது. உண்மையான மனிதரின் மடலாக இருந்தால் அவருடைய சொந்த சர்வர் அவருக்குச் செய்தி சொல்லும். அதற்கு வாசலில் நிற்கும் சர்வர் கையில் பயனர் பட்டியல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்னால் ஒரு வடிகட்டி சர்வர், பின்னால் பெட்டி சர்வர் என்று வைத்திருக்கும் இடங்களில் முன்னவருக்குப் பட்டியலைக் கொடுக்காமல் விடுவதுதான் இந்தப் பிரச்சினையின் வேர்.

இரண்டாவது குற்றச்சாட்டில் உண்மை உண்டு, ஆனால் விலையை எடைபோட வேண்டும். ஒரே இடத்திலிருந்து தவறான பெயர்களாக வந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தைத் தாமதப்படுத்தவும் தடுக்கவும் வழிகள் இருக்கின்றன. அதற்காக ஓர் எழுத்து தவறாக அடித்த மாணவரின் விண்ணப்பத்தைச் சத்தமில்லாமல் விழுங்குவது நியாயமில்லை. மோசடி என்று மிக உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே மௌனமாக ஒரு மடலை அழிக்கலாம் என்பதுதான் 2008ன் எஸ்எம்டிபி ஆவணத்தின் நிலையும். வசதிக்காக அழிக்கலாம் என்று அது சொல்லவில்லை.

தமிழில் முகவரி எழுதினால்

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு அக்கறை இருக்க வேண்டும். மின்னஞ்சல் முகவரியை முழுக்கத் தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ள இன்று வழி உண்டு. 2012ல் அதற்கான எஸ்எம்டிபி விரிவாக்கம் வந்தது. ஜிமெயில் 2014லும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015லும் அத்தகைய முகவரிகளோடு மடல் பரிமாறத் தொடங்கின. ஆனால் வழியில் இருக்கும் ஒவ்வொரு சர்வரும் அதை ஏற்க வேண்டும். நடுவில் ஒன்று ஏற்காவிட்டாலும் மடல் 5.6.7 என்ற எண்ணோடு திரும்பும். அந்த எண்ணுக்குப் பொருள் "ஆங்கில எழுத்தல்லாத முகவரி இங்கே செல்லாது".

அப்படித் திரும்பும்போது மடலைப் படித்துக் காரணம் தெரிந்துகொண்டவர் எதிர்ப்பக்க நிர்வாகிக்கு எழுதி அமைப்பை மாற்றச் சொல்லலாம். படிக்காதவர் "தமிழ் முகவரியெல்லாம் வேலைக்காகாது" என்று சொல்லிவிட்டுப் பழையபடி ஆங்கிலத்துக்குப் போவார். தமிழ் முகவரி புழக்கத்துக்கு வருவதும் வராததும்கூடத் திரும்பி வந்த மடலை யார் படிக்கிறார்கள் என்பதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

என்னதான் செய்ய வேண்டும்?

நிர்வாகிகள் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல.

ஒன்று, அமைப்பை மாற்றும் நாளில் போஸ்ட்ஃபிக்ஸில் "சாஃப்ட் பவுன்ஸ்" என்ற வசதியைப் போட்டுக்கொள்ளலாம். அது அந்த சர்வர் சொல்லும் 5ஐ எல்லாம் 4 ஆக மாற்றும். பிழை இருந்தாலும் மடல் தொலையாது, அனுப்புகிறவர் சர்வரின் வரிசையில் காத்திருக்கும். எல்லாம் சரியென்று தெரிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

இரண்டு, போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி. ஒவ்வொரு மெயில் டொமைனிலும் அது இயங்க வேண்டும் என்பது விதி. இயங்கினால் போதாது, ஒரு மனிதர் அதைப் படிக்க வேண்டும். இணையதளப் படிவங்கள் அனுப்பும் மடல்களும் திரும்பினால் அந்த மனிதரிடமே வர வேண்டும்.

மூன்று, சோதனையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் செய்ய வேண்டும். இணையதளப் படிவம், ஜெராக்ஸ் மிஷினின் ஸ்கேன் வசதி, வருகைப்பதிவு மென்பொருள் என்று மடல் அனுப்பும் ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மடல் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

நான்கு, மறுப்பு வரியை மனிதர் படிக்கும்படி எழுத வேண்டும். "554 மறுக்கப்பட்டது" என்று முடிக்காமல், ஏன் மறுக்கப்பட்டது, யாரிடம் கேட்பது என்று ஒரு தொலைபேசி எண்ணாவது சேர்க்கலாம்.

பயனர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. திரும்பி வந்த மடலை அழிக்காமல், "மெயில் போகவில்லை" என்று ஒரு வரியில் புகார் சொல்லாமல், அந்த மடலை முழுதாக நிர்வாகிக்கு அனுப்பினால் போதும். எண்ணும் சர்வர் பெயரும் நேரமும் அதில் இருக்கின்றன. டாக்டரிடம் போகிறவர் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவாரா?

அந்தக் கல்லூரியின் பழைய சர்வரில், யாரும் திறக்காத பெட்டியில், சான்றிதழ் கேட்ட மாணவியின் மடல் இன்னும் கிடக்கிறது. அதன் மேல் 5.1.1 என்று காரணமும் எழுதியிருக்கிறது. அந்த சர்வர் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டது. மனிதர்கள்தான் இன்னும் செய்யவில்லை.